ஊரை விட்டு ஓடுங்கள்... அரை மணி நேரம் மட்டும்!

'எங்கேயாவது கண்காணாத இடத்துக்கு ஓடிப் போயிடலாம்னு இருக்கு!'

இந்த ஒரு வாரத்தில் மட்டும் எத்தனை தடவை இப்படிச் சொல்லியிருப்பீர்கள்? டிராஃபிக்கில் முன்னால் நிற்கும் பஸ்ஸின் புகையை முகத்தில் வாங்கிக்கொண்டு ஒரு தடவை. அபார்ட்மென்ட் மோட்டார் ரிப்பேராகி, குழாயில் வெறும் காற்று வரும்போது ஒரு தடவை. ராத்திரி பத்து மணிக்கு ஆபீஸிலிருந்து வாட்ஸ்அப் மெசேஜ் வந்தால் நிச்சயமாக ஒரு தடவை!

சொல்லிவிட்டு என்ன செய்கிறோம்? 'மே மாச லீவுல ஊட்டி, கொடைக்கானல்னு போய்ட்டு வந்துடலாம்' என்று மனசைத் தேற்றிக்கொள்கிறோம். அங்கே மட்டும் என்ன வாழ்கிறதாம்? கூட்டம் தாங்காமல், 2024 மே மாதத்திலிருந்து அந்த இரண்டு ஊர்களுக்கும் இ-பாஸ் வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்று ஹைகோர்ட்டே உத்தரவு போட வேண்டி வந்தது. நாம் எதிலிருந்து தப்பிக்க நினைத்தோமோ, அது நமக்கு முன்னாலேயே மலையேறி உட்கார்ந்திருக்கிறது!

சரி, நிஜமாகவே ஓடிப் போய்விட்டால் என்ன?

பதறாதீர்கள். வேலையை விட வேண்டாம், வீட்டைக் காலி செய்ய வேண்டாம். வாரத்தில் மூன்று நாள், காலையில் அரை மணி நேரம். ஹாரன் சத்தம் கேட்காத, காலுக்கடியில் மண்ணும் கண்ணுக்கெதிரே மரமும் இருக்கிற ஓர் இடத்துக்குப் போய் மெதுவாக ஓடிவிட்டு, ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிடலாம். அவ்வளவுதான் விஷயம். 'இதுக்கு வீட்டு ஹால்ல டிரெட்மில் வாங்கிப் போட்டா போதாதா?' என்று கேட்கிறீர்களா? இதயத்துக்குப் போதும். மனசுக்குப் போதாது!

மரத்துக்கும் மனசுக்கும் என்ன சம்பந்தம்?

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஓர் ஆஸ்பத்திரி. அங்கே பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்ட 46 பேரின் கேஸ் குறிப்புகளை ரோஜர் உல்ரிச் என்ற ஆராய்ச்சியாளர் எடுத்துப் பார்த்தார். அவர்களில் பாதிப் பேருடைய ஜன்னலுக்கு வெளியே மரங்கள்; மீதிப் பேருக்கு வெறும் செங்கல் சுவர். மரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர்கள் சீக்கிரமாக டிஸ்சார்ஜ் ஆனார்கள். அவர்களுக்குக் கடுமையான வலி மாத்திரைகளும் குறைவாகவே தேவைப்பட்டன. 1984-ல் வெளியான இந்த முடிவு டாக்டர்களையே புருவம் உயர்த்த வைத்தது.

2015-ல் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்று செய்து பார்த்தார்கள். 38 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவைப் புல்வெளியும் மரங்களும் உள்ள இடத்தில் ஒன்றரை மணி நேரம் நடக்கவிட்டார்கள். இன்னொரு குழுவுக்கும் அதே ஒன்றரை மணி நேர நடைதான், ஆனால் வாகனங்கள் சீறிப் பாயும் மெயின் ரோட்டின் ஓரத்தில். திரும்பி வந்ததும் சோதித்தபோது, மரங்களுக்கிடையே நடந்தவர்களிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. நடந்துபோன ஒரு கசப்பையே திரும்பத் திரும்ப நினைத்து மறுகுகிறோமே, அந்த மறுகல் குறைந்திருந்தது. அதோடு தொடர்புள்ள மூளைப் பகுதியின் வேலையும் குறைந்திருந்தது. ரோட்டோரம் நடந்தவர்களிடம் அந்த மாற்றம் இல்லை.

கவனித்தீர்களா? இரண்டு குழுவும் நடந்தது ஒரே அளவு. இடம்தான் வேறு!

'மேனேஜர் அப்படிச் சொல்லிட்டாரே', 'நாத்தனார் இப்படிப் பேசிட்டாளே' என்று ராத்திரி முழுக்கப் புரண்டு படுப்பவரா நீங்கள்? இந்த மருந்து உங்களுக்குத்தான். இங்கிலாந்தில் சுமார் 20,000 பேரிடம் எடுத்து 2019-ல் வெளியான ஆய்வு அளவையும் சொல்கிறது. வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கையோடு இருப்பவர்களில்தான், 'நான் ஆரோக்கியமாக, திருப்தியாக இருக்கிறேன்' என்று சொன்னவர்கள் அதிகமாக இருந்தார்கள். அரை அரை மணியாக மூன்று நாள் ஓட்டம், ஞாயிற்றுக்கிழமை அரை மணி குடும்பத்தோடு ஒரு நடை. கணக்கு சரியாகிவிட்டதல்லவா?

மெயின் ரோடு வேண்டவே வேண்டாம்!

சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை உள்ளே இழுக்கிறோம். ஓடும்போது அது 40, 50 லிட்டரைத் தாண்டிவிடும். அதுவும் வாய் வழியாக! அப்படியானால் பஸ்ஸும் லாரியும் ஓடும் சாலையில் ஓடுகிறவர் எதை இழுப்பார்? உடம்புக்கு நல்லது செய்யப் போய், புகையை வழக்கத்தைவிடப் பல மடங்கு வாங்கிக்கொண்டு வருவார். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது இரட்டைத் தொல்லை.

பெரிய சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளிப் போனாலே காற்று கொஞ்சம் பரவாயில்லை. மரங்கள் அடர்ந்த பார்க்கின் நடுப்பகுதி இன்னும் நல்லது. கடற்கரை என்றால் கேட்கவே வேண்டாம். மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் குளிர்ந்த காற்று புகையைத் தரையோடு அமுக்கி வைத்திருக்கும். மூட்டமாகத் தெரிகிற நாளில் வெயில் வந்த பிறகு கிளம்புங்கள். போகியன்று ஓட்டத்துக்கு லீவு விட்டுவிடுங்கள்!

ஸ்வீடன்காரர் கண்டுபிடித்த விளையாட்டு

'ஓடறதா? நானா? பஸ்ஸைப் பிடிக்க நாலடி ஓடினாலே மூச்சு வாங்குதுங்க!'

உங்களைப் போன்றவர்களுக்காகவே ஒரு முறை இருக்கிறது. 1930-களில் ஸ்வீடன் நாட்டுப் பயிற்சியாளர் கோஸ்டா ஹோல்மர் உருவாக்கியது. அதன் பெயர் 'ஃபார்ட்லெக்'. ஸ்வீடிஷ் மொழியில் 'வேக விளையாட்டு' என்று அர்த்தம். மைதானத்தில் வாட்சைப் பார்த்துக்கொண்டு வட்டமடிப்பதை விட்டுவிட்டு, காட்டுப் பாதையில் மனம் போன போக்கில் ஓடச் சொன்னார் அவர். அந்த மரம் வரை வேகம். அடுத்த மேடு வரை மெதுவாக. மூச்சு வாங்கினால் நடை. மறுபடி ஆசை வந்தால் ஓட்டம்.

குழந்தைகள் இப்படித்தானே ஓடுகின்றன? இந்த விளையாட்டு விளையாட்டாகவே போய்விடவில்லை. ஸ்வீடனின் காட்டுப் பாதைகளில் ஓடிப் பழகிய குண்டர் ஹேக் என்ற வீரர், 1942 கோடையில் மூன்று மாதத்துக்குள் பத்து உலக சாதனைகளைச் செய்து காட்டினார்!

நமக்கு உலக சாதனை வேண்டாம். மாடிப்படி ஏறும்போது இரைக்காமல் இருந்தால் போதும். இப்படி ஆரம்பியுங்கள்:

முதல் இரண்டு வாரம்: ஐந்து நிமிடம் வேக நடை. பிறகு அரை நிமிடம் மெல்லோட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி எட்டுத் தடவை. கடைசியில் ஐந்து நிமிடம் மெதுவான நடை.

மூன்றாம், நான்காம் வாரம்: ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை.

ஐந்தாம், ஆறாம் வாரம்: இரண்டு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை.

அதன் பிறகு: கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு மரங்களை எண்ணுங்கள். இந்த வேப்பமரத்திலிருந்து அந்தப் புங்கமரம் வரை ஓட்டம். அங்கிருந்து பெஞ்சு வரை நடை. அதுதான் ஃபார்ட்லெக்!

ஒரு வாரம் கஷ்டமாக இருந்தால் அதே வாரத்தை இன்னொரு தடவை செய்யுங்கள். யாரும் மார்க் போடப் போவதில்லை.

எவ்வளவு வேகம்? பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பாட்டே பாட முடிகிறதா, கொஞ்சம் வேகம் கூட்டலாம். பேச்சே வரவில்லையா, உடனே நடைக்கு மாறிவிடுங்கள். பார்ப்பவர்கள் 'இதெல்லாம் ஒரு ஓட்டமா?' என்று சிரிக்கிற அளவுக்கு மெதுவாக ஓடினால், நீங்கள் சரியாக ஓடுகிறீர்கள் என்று அர்த்தம்.

'இவ்வளவு குறைச்சலா ஓடினா பலன் இருக்குமா?' இருக்கிறது. அமெரிக்காவில் 55,000-க்கும் அதிகமானவர்களைச் சுமார் 15 வருடம் கவனித்த ஆய்வு 2014-ல் வெளியானது. தினமும் ஐந்து, பத்து நிமிடம் மெதுவாக ஓடியவர்களிடம்கூட, ஓடவே ஓடாதவர்களைவிட இதய நோய் மரணங்கள் கணிசமாகக் குறைவு.

'முட்டி தேஞ்சுடாதா?'

பெரியவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-ல் பார்த்தார்கள். ஆரோக்கியத்துக்காக அளவாக ஓடுபவர்களில் இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தவர்கள் 3.5 சதவிகிதம். ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவிகிதம்! போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களில் மட்டும் 13 சதவிகிதத்துக்கு மேல். ஆக, அளவோடு ஓடுவதற்கு முட்டியைக் காரணம் காட்ட வேண்டாம். ஏற்கெனவே மூட்டு வலி உள்ளவர்கள், உடல் எடை மிக அதிகமாக உள்ளவர்கள் மட்டும் முதலில் நடையில் சில மாதங்கள் இருந்துவிட்டு, டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஓட்டத்துக்கு வரலாம்.

ஓடும்போது ஒவ்வொரு எட்டிலும் நம் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு பாரம் காலில் இறங்குகிறது. அதனால் தரையைப் பார்த்துக் கால் வையுங்கள். சிமென்ட்டைவிட இறுகிய மண் பாதை நல்லது. புல்தரை என்றால், குழி இருக்கிறதா என்று முதல் நாள் நடந்து பார்த்துக்கொள்ளுங்கள். மேடு பள்ளமான மண் பாதையில் ஓடும்போது கணுக்காலைச் சுற்றியுள்ள சின்னச் சின்னத் தசைகளுக்கும் வேலை கிடைக்கும். வயதான பிறகு தடுமாறி விழாமல் இருக்க, அந்தத் தசைகள்தான் உதவும்.

கடற்கரையில் ஒரு சூட்சுமம். கால் புதையும் உலர்ந்த மணலில் ஓட, கெட்டியான தரையைவிட சுமார் 1.6 மடங்கு சக்தி தேவை என்று பெல்ஜியத்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குக் குதிகால் நரம்பும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும். அலை நனைத்துவிட்டுப் போன ஈர மணலில் ஓடுங்கள். அது ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும் என்பதால், போன தூரமே திரும்பியும் வாருங்கள். இரண்டு காலுக்கும் பாரம் சமமாகிவிடும். கண்ணாடிச் சில்லுக்குப் பயந்து ஷூ அவசியம். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு ஓடவே கூடாது.

எங்கே போவது?

'எங்க ஊர்ல காடாவது மேடாவது!' என்று சலித்துக்கொள்ளாதீர்கள். சென்னைக்காரர்களுக்கு மெரினாவும் பெசன்ட் நகர் கடற்கரையும் இருக்கின்றன. விடியற்காலை ஐந்தரை மணிக்குப் போய்ப் பாருங்கள், நீங்கள் சாயந்தரம் பார்த்த பீச்சா இது என்று சந்தேகம் வரும். திருச்சிக்காரர்களுக்குக் காவிரிக் கரை. திருவண்ணாமலைக்காரர்களுக்கு மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை. கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு ஏரியைச் சுற்றினால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். எதுவுமே இல்லாத ஊரில் ஏரிக் கரையும், கண்மாய்க் கரையும், ஸ்கூல் கிரவுண்டும் இருக்கும். பத்து மரமும் மண் தரையும் இருந்தால் அது உங்கள் காடு!

நிஜக் காடு என்றால் ஜாக்கிரதை. சென்னை கிண்டி தேசியப் பூங்கா போன்ற இடங்கள் மான்களுக்காகப் பாதுகாக்கப்பட்டவை. நமக்கு ஓடுதளம் ஆகாது. கோவை போன்ற ஊர்களின் மலையடிவாரங்களில் விடியற்காலை என்பது யானை நடமாடும் நேரம். தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் மாதம் மலையேறப் போனவர்கள் காட்டுத் தீயில் சிக்கி, 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்க முடியுமா? வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். முறையாகப் போக வழி இருக்கிறது. 2024 அக்டோபரில் தமிழக அரசு, வழிகாட்டிகளோடு போகும் 40 மலைப் பாதைகளை அறிவித்தது. மூன்று மாதம் ஓடிப் பழகிய குடும்பம், வருட லீவுக்கு அதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமே!

முதலில் டாக்டர், அப்புறம் ஷூ

நாற்பது வயதைத் தாண்டியவர், பி.பி., சர்க்கரை உள்ளவர், சிகரெட் பிடிப்பவர், குடும்பத்தில் இளம் வயதிலேயே ஹார்ட் அட்டாக் வந்த வரலாறு உள்ளவர்... இவர்கள் எல்லோரும் ஷூ வாங்கும் முன் டாக்டரைப் பார்க்க வேண்டும். 'எனக்கெல்லாம் ஒண்ணுமில்லை' என்று நாமாகச் சொல்லிக்கொள்ள முடியாது. நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் பத்துக் கோடிப் பேர் என்பது 2023-ல் வெளியான தேசிய அளவிலான கணக்கு. தேவையென்றால் ஈ.சி.ஜி., டிரெட்மில் டெஸ்ட் எல்லாம் டாக்டர் சொல்வார்.

இன்சுலின் போடுபவர்களுக்கும், சர்க்கரையை வேகமாகக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஓடும்போது சர்க்கரை 'டவுன்' ஆகலாம். பாக்கெட்டில் எப்போதும் குளுக்கோஸோ சர்க்கரைப் பொட்டலமோ இருக்கட்டும்.

ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டல்... இவற்றில் எது வந்தாலும் நின்றுவிடுங்கள். 'வாயுப் பிடிப்பா இருக்கும்' என்று வீட்டுக்கு நடந்து போய் சுக்குக் கஷாயம் போடக் கூடாது. நேராக ஆஸ்பத்திரி. 108-ஐக் கூப்பிடுங்கள்.

அந்த அரை மணி நேரம் யாருக்கு?

இவ்வளவும் படித்துவிட்டு வீட்டுத் தலைவர் சிவப்பு கலர் ஷூவோடு வந்து நிற்பார். நாளைக் காலையே கிளம்பியும் விடுவார். சரி, வீட்டுத் தலைவி?

'நீங்க ஓடிட்டு வாங்க. நானும் வந்துட்டா இட்லி யார் ஊத்தறது? பசங்களை யார் எழுப்பறது?'

இந்த ஒரு கேள்வியில்தான் நம் வீட்டுப் பெண்களின் ஆரோக்கியமே மாட்டிக்கொண்டிருக்கிறது. 2022-ம் வருட நிலவரத்தை வைத்து 2024-ல் வெளியான சர்வதேச ஆய்வின்படி, இந்தியாவில் போதுமான உடலுழைப்பு இல்லாத ஆண்கள் 42 சதவிகிதம். பெண்களோ 57 சதவிகிதம்! 'நாள் பூரா நின்னுக்கிட்டே இருக்கேனே, அது உழைப்பு இல்லையா?' உழைப்புதான், அம்மா. அதை யார் மறுப்பது? ஆனால் அடுப்படியில் நிற்பது காலை வலிக்க வைக்குமே தவிர, இதயத்தையும் நுரையீரலையும் நன்றாக இயக்காது. அதைவிட முக்கியம், அந்த நாலு சுவரை விட்டு மனசு ஒரு நிமிடம்கூட வெளியே வருவதில்லை. ஊரை விட்டு ஓடிப்போகும் ஆசை அதிகம் இருப்பவருக்குத்தான் வாசல் தாண்ட நேரமில்லை!

கணவன்மார்களே, தீர்வு உங்கள் கையில். திங்கள், புதன், வெள்ளி நீங்கள் ஓடுங்கள். செவ்வாய், வியாழன், சனி அவர் ஓடட்டும். காபி, டிபன் டப்பா, பிள்ளைகளின் ஷூ, சாக்ஸ் எல்லாம் உங்கள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து.

பெண்களுக்கு இரண்டு குறிப்பு. ஒன்று, கொஞ்சம் ஓடியதுமே மிதமிஞ்சிக் களைப்பும் படபடப்பும் வருகிறதா? 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடாமல் ஹீமோகுளோபின் டெஸ்ட் செய்து பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல சர்வேயில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை! இரண்டு, இருட்டில் தனியாகப் போக வேண்டாம். எதிர்வீட்டுக்காரரையும், மாடி வீட்டுப் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாலு பேர் சேர்ந்தால் பயமும் போகும், சாக்குப்போக்கும் போகும். மாமியாரும் வருகிறேன் என்றால் அழைத்துப் போங்கள். நீங்கள் ஓடி முடிக்கும்வரை அவர் மரத்தடியில் நடக்கட்டும். வீட்டுக்குள் பேச முடியாத எத்தனையோ விஷயங்கள் அங்கே பேச வரும்!

கவனத்தில் வைக்க...

வெயில்: மே மாதத்தில் சென்னையில் ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் வந்துவிடும். அதற்கு முன்பே தயாராகுங்கள். கிளம்பும் முன் ஒரு டம்ளர் தண்ணீர், திரும்பியதும் உப்புப் போட்ட நீர்மோர். தலைசுற்றல், வாந்தி வந்தால் நிழலில் படுக்கவைத்து, ஈரத் துணியால் துடைத்து விசிறுங்கள். உளறலோ மயக்கமோ வந்தால் தாமதிக்காமல் 108.

நாய்: துரத்தினால் ஓடாதீர்கள். நின்று, அதன் கண்ணைப் பார்க்காமல் மெதுவாக விலகுங்கள். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பாம்பு: வெளிச்சம் வராத நேரத்தில் புல்லில் ஓட வேண்டாம். கடித்தால் கயிறு கட்டுவது, கீறிவிடுவது எதுவும் கூடாது. கை, காலை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

செல்போன்: ஆபத்துக்கு உதவும், எடுத்துப் போங்கள். ஆனால் காதில் பாட்டு மாட்ட வேண்டாம். பின்னால் வரும் வண்டியும் கேட்காது, மேலே கூவும் குயிலும் கேட்காது.

இன்று ராத்திரியே ஷூவைத் தேடி எடுத்து வாசலில் வையுங்கள். நாளைக்கு யார் ஓடுவது, யார் இட்லி ஊற்றுவது என்பதையும் இன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள். அதுதான் கஷ்டமான பாகம். மீதியெல்லாம் சுலபம்!